ஆண்கள் தொழுதுவிட்டு வருவதற்குள்

மாமியை அவருடைய வீட்டிலேயே குளிப்பாட்ட என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்து வளவுக்காரி என்பதால்தான். அந்த வேலை எனக்குப் பழக்கமில்லை. மையித்துக் குளிப்பாட்டுகிற பெண் தலைப்பக்கம் நின்றார். மருமகள்மார் இரண்டு பேர் இடுப்புப் பக்கம். எனக்குக் கால் பக்கம் கிடைத்தது. மேலே வெள்ளைத் துணியைப் போட்டு மறைத்துக்கொண்டு, துணிக்குக் கீழே கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். கண் பார்க்கக் கூடாது. கை மட்டும்தான் பார்த்தது.

கெண்டைக்கால் இறுகிப்போய் இருந்தது. மௌத்தாகி உயிர் போன பிறகு எல்லாருடைய உடம்பும் இறுகும் என்று சொல்வார்கள். இது அந்த இறுக்கம் இல்லை. என் உம்மாவின் காலை நான் எத்தனையோ வருடம் கழுவியிருக்கிறேன். அது ஊறின பஞ்சு மாதிரி, விரலை வைத்தால் குழி விழும். மாமிக்கு என் உம்மாவைவிட வயது கூட. ஆனால் அந்தக் கால் ஓடுகிற ஆளின் கால்.

"தூக்குங்க புள்ளையள்" என்றார் அந்தப் பெண். தூக்கினோம். எனக்குத் தெரிய மாமியை யாராவது தூக்கினது அதுதான் முதல் தரம்.

பாரமில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. பெருவிரல் நகத்துக்குள் கொஞ்சம் மணல் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

மாமி என்றே எழுதுகிறேன். பேர் வேண்டாம். அவருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மாமிதான்.

கல்முனைக்குடியில் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டுக்கு அடுத்த வளவு மாமியுடையது. நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. நான் கலியாணம் முடித்த புதிதில், பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வரும். மணலில் வருகிற சத்தம். ஈரத் துணியை உதறுகிற மாதிரி நாலைந்து தரம் கேட்கும். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி. ஆடு புகுந்துவிட்டதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கிடுகை விலக்கிப் பார்த்தேன்.

மாமி ஓடிக்கொண்டிருந்தார்.

அறுபது தாண்டியவர். சீலையை வாரி இடுப்பில் செருகி, முந்தானையைத் தலையில் சுற்றிப் பின்னால் முடிந்திருந்தார். கிணற்றடியிலிருந்து பின்வேலி ஓரத் தென்னை வரை ஓடினார். பிள்ளைகள் விளையாட்டுக்கு ஓடுகிற ஓட்டமில்லை. கட்டறுத்த மாடு பின்னால் வருகிற மாதிரி ஓட்டம். தென்னையைத் தொட்டதும் நின்றார். உள்ளங்கை மரத்தில் இருந்தது. முதுகு ஏறி இறங்கியது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மெதுவாகக் கிணற்றடிக்கு நடந்து வந்தார். வந்து, திரும்பவும் ஓடினார்.

எல்லாம் கொஞ்ச நேரம்தான். ஒழுங்கையில் முதல் ஆணின் செருமல் கேட்பதற்குள் சீலையை இறக்கிவிட்டு, கிணற்றில் அள்ளிக் கை கால் கழுவி உளூ எடுத்து, தொழ உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு மணிக்கூடு மாதிரி. மாமி ஓடத் தொடங்கினால் நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன். என் வீட்டுக்காரர் தொழுதுவிட்டு வரத் தேத்தண்ணி ஆயத்தமாக இருக்கும்.

மாமி என்னைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை.

"ஆரு அது வேலிக்குள்ள? பல்லியா, ஆளா?"

"ஆள்தான் மாமி."

"ஆள் எண்டா கடப்பால வரோணும் புள்ள. வா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு போனேன். மாமி வேர்த்துப்போய் நின்றார். என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார்.

"தட்டுதா?"

"ஓம் மாமி."

"ஆரு தட்டுறா?"

மாமியே பதிலும் சொன்னார்.

"நான்தான். உள்ளுக்கு நான் இன்னம் இரிக்கன் எண்டு தட்டுறன்."

அந்தத் துடிப்பு விரலில் பட்டது எனக்குப் பயமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"இந்த வயசுல ஓடப் பயமில்லையா மாமி?"

"எனக்குப் படுக்கத்தான் பயம்."

பிறகு தன் உம்மாவைப் பற்றிச் சொன்னார். ஏழெட்டு வருடம் பாயில் கிடந்தவராம். "நான் பொரட்டினன், நான் கழுவினன், நான் ஊட்டினன். அவக்கு நான் இரிந்தன். எனக்கு ஆரு? நாலு கடுவன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். உம்மாவும் வாப்பாவும் கடைசி மகளோடு இருந்து மௌத்தாவார்கள். ஆண்பிள்ளைகள் பெண்ணெடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாமிக்கு நாலும் ஆண். சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனை என்று ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவர் சவூதிக்கே போனார். மாமா மௌத்தாகி, மறைந்திருக்கிற இத்தாக் காலமும் முடிந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் மாமி ஒரு ஆள்.

"மருமகளிட ஊட்டுல போய்ப் படுத்து, அவ மூக்கப் பொத்திக்கிட்டு என்னக் கழுவுறதா? என்ட ஊட்டுல, என்ட கிணத்துல, நானே அள்ளி நானே கழுவி மௌத்தாகோணும். வேற துஆ எனக்கில்ல."

"நடந்தாப் போதாதா மாமி? ஓடத்தான் வேணுமா?"

"நடக்க நேரமிரிக்காடி? அவனுகள் நாலு றக்அத்துத் தொழுது ஸலாம் குடுத்தா ஒழுங்கையில வந்திருவானுகள். மறுகா வேலிக்கு மேலால நாலு தலை தெரியும். கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள்ள உசிரக் குடுத்துச் செய்யோணும்."

அவர் எல்லா வேலையும் அப்படித்தான் செய்தார். வளவு கூட்டினால் புயலடிக்கிற மாதிரிக் கூட்டுவார். பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குந்தியிருப்பார். பிறகு மீதி. தேங்காய் துருவினால் அப்படி. கதைத்தாலும் அப்படி. ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வாயை மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆற அமர ஒரு வேலை செய்து நான் கண்டதில்லை.

மாமியின் தங்கச்சி ஒழுங்கையின் அந்தத் தலைப்பில் இருந்தார். அவருக்கு விசயம் எட்டியதும் ராத்தாவை ஜின் பிடித்துவிட்டது என்று முடிவெடுத்துவிட்டார். அஸர் நேரத்தில் ஓடுகிறது, மரத்தைத் தொடுகிறது, மரத்தோடு மூச்சு விடுகிறது, இது ஜின்தான் என்றார். ஓதிப் பார்க்கிற ஒரு லெப்பையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் வேலிக்கு அருகில் போய் நின்றேன்.

லெப்பை நல்ல மனிதர். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார். மாமி மடமடவென்று குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பி நீட்டினார்.

"இன்னொரு கோப்பை ஓதுங்க லெப்பை. நல்ல தாகம்."

லெப்பைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "என்னத்துக்கு உம்மா இந்த ஓட்டம்?" என்று கேட்டார்.

"ஓடினா என்ன, ஹறாமா?"

"ஹறாமெண்டு நான் சொல்லல்ல. ஒரு பொம்புள..."

"ஹாஜரா அம்மா ஓடல்லயா? மக்காவுல ஸபா மலைக்கும் மர்வா மலைக்கும் நடுவுல?"

"அது உம்மா, அவ தண்ணிக்கு ஓடினவ."

"நானும் தண்ணிக்குத்தான் ஓடுறன். கடைசி நாளைக்கும் என்ட கிணத்துல நானே தண்ணி அள்ளோணும்."

லெப்பை கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "தொழுதிட்டு ஓடினா என்ன, முந்தி ஓடாம?" என்று கேட்டுப் பார்த்தார்.

"தொழுதிட்டு ஓடினா நீங்களெல்லாம் பள்ளியிலரிந்து வந்திருவீங்களே!"

லெப்பை எழும்பி, தங்கச்சியைப் பார்த்து, "ஜின்னெல்லாம் ஒண்டுமில்ல. ஜின் இந்த ஊட்டுக்கு வந்தா அதுதான் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சி வெற்றிலை பாக்கு வைத்த தட்டத்தோடு வாசலில் நின்றது எனக்கு இப்போதும் தெரிகிறது.

மூத்த மகன் பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் புடவைக் கடை வைத்திருந்தார். நல்ல மகன், குறை சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அரிசியும் மீனும் கொண்டுவந்து கொடுப்பார். வரும்போதெல்லாம் ஒரே கதைதான்.

"உம்மா, வாங்க எங்கட ஊட்ட. தனிய இரிந்து என்ன செய்யப் போறீங்க? ஆக்கள் என்னத்தான் ஏசுறாங்க."

ஒரு நாள் மாமி தென்னையைக் காட்டினார்.

"அதத் தொட்டுட்டு வா மனே. எனக்கு முந்தி வந்தா நான் உன்னோட வாறன்."

மகன் சிரித்துக்கொண்டே சாரனை மடித்துக் கட்டினார். வயிறு முந்திப்போனது, ஆள் பிந்திப்போனார். மாமி தொட்டுவிட்டுத் திரும்பி நடந்து வரும்போது அவர் இன்னும் பாதி வழியில் இடுப்பில் கையை ஊன்றி நின்றார். முகம் கறுத்துவிட்டது. மாமி கிணற்றுக் கட்டில் இருத்தி முதுகைத் தடவிவிட்டார்.

"பாரு, உன்னத்தான் ஆரும் பாக்கோணும் போல. வேணுமெண்டா நீ வந்து என்னோட இரி."

மகன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மீன் இருந்த ஓலை உமலைத் தொப்பென்று குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்.

மாமியைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது அவர் இல்லை. அவர் மனதில் ஒரு கல் இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போனால் பாயில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே, "ஒழும்பு, ஒழும்பி இரி" என்பார். என் உம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்து விழுந்தபோதும் வந்தார். உம்மா பாயில் கிடந்தார்.

"என்ன இது, இப்பிடிக் கிடந்தா கிடந்ததுதான். ஒழும்பு. நல்ல காலால ஊண்டு."

உம்மாவுக்கு வாய் கோணியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. எனக்கு மாமியைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. கையை உம்மாவின் அக்குளுக்குள் விட்டு, தூக்கி, தலையணையில் சாய்த்து, சீலையை மாற்றினேன். மாமி பார்த்துக்கொண்டே நின்றார். நான் துணியை அலச எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் நின்று சொன்னார்:

"உன்ட உம்மாவுக்கு நீ இரிக்காய்."

அவ்வளவுதான். போய்விட்டார். அதற்குப் பிறகு உம்மா மௌத்தாகும் வரை எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் கிணற்றடியில் நான் உம்மாவின் துணிகளை அலசும்போது வேலிக்கு மேலால் சவர்க்காரக் கட்டி ஒன்று வந்து விழும். நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

பிறகு சூறாவளி வந்தது.

அதைப் பற்றி மற்றவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல அதிகமில்லை. விடிந்தபோது ஒழுங்கையில் ஒரு வேலி இல்லை. ஒரு தென்னை நிற்கவில்லை. கடற்கரையிலிருந்து பெரிய ரோட்டு வரை ஒரே பார்வையாகத் தெரிந்தது. எல்லாருடைய வீட்டுக் குசினியும் கிணற்றடியும் எல்லாருக்கும் தெரிந்தன. பெண்கள் குளிக்க இடமில்லாமல் கட்டில் விரிப்பைக் கட்டி மறைத்துக்கொண்டு குளித்தோம். மாமியின் வீட்டில் பாதி ஓடு போய்விட்டது. அவர் தொட்டுத் தொட்டு வந்த தென்னை, முழங்காலளவு குற்றியாக முறிந்து நின்றது.

மாமியால் ஓட முடியவில்லை. ஆண்களெல்லாம் பகல் முழுக்க வெளியே நின்று மரம் வெட்டினார்கள், ஓடு பொறுக்கினார்கள். மறைவு என்று ஒரு சாண் இடமில்லை. மற்றப் பெண்கள் கூரை ஓட்டுக்கும் அரிசிக்கும் அழுதார்கள். மாமி வேலிக்கு ஆலாய்ப் பறந்தார். "கிடுகு எப்ப வரும்? கிடுகு எப்ப வரும்?" என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தென்னையெல்லாம் விழுந்து கிடந்த ஊரில் ஓலைக்குக் குறைவில்லை. பின்ன ஆளில்லை.

அந்த நாட்களில் எங்களுக்கு அரிசி கிடையாது. லொறியில் வருகிற மாவும் பருப்பும் நிவாரணமாகப் பங்கிடுவார்கள். ஒரு நேரம் அவித்தால் மறுநேரம் இல்லை. அப்படி ஒரு நாள் அஸருக்குப் பிறகு, மாமியின் வீட்டுக்குள் உரல் சத்தம் கேட்டது.

தொம். தொம். தொம். நல்ல பாரமான குத்து. கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி.

உரல் சத்தம் என்றால் என்ன? யாரோ அரிசி இடிக்கிறார்கள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது, தடுக்க வேலிதான் இல்லையே. பிள்ளைகள் முதலில் எழும்பின. பிறகு பெண்கள் ஒவ்வொருவராகக் கையில் சுண்டு, கோப்பை, சிரட்டை, கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாருக்கும் முன்னால் மாமியின் தங்கச்சி நின்றார்.

மாமி குசினிக்குள் உலக்கையோடு நின்றார். வேர்வை சொட்டியது. எங்களையும் எங்கள் கைகளையும் பார்த்தார்.

"என்ன எல்லாரும்?"

"ஒரு சுண்டு மா தா ராத்தா. புள்ளைகளுக்கு" என்றார் தங்கச்சி.

மாமிக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் உலக்கையைச் சுவரில் சாய்த்தார்.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல. வந்து பாருங்க."

பார்த்தோம். உரல் வெறுமையாக இருந்தது. ஈரம்கூட இல்லை. ஓட முடியாததற்கு அவர் வெறும் உரலில் குத்தியிருக்கிறார். வெறும் உரலைக் குத்தினால் வீட்டுக்கு வறுமை வரும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். வறுமை வந்து சேர்ந்துவிட்ட பிறகு அதற்கு என்ன பயம் என்று மாமி நினைத்திருக்கலாம்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி உரலுக்குள் கையை விட்டுத் தடவினார். விரலைப் பார்த்தார்.

"சொந்தத் தங்கச்சிக்கே ஒளிச்சிட்டாய், என்ன? நாங்க வாற சத்தம் கேட்டு அள்ளி எடுத்திட்டாய்."

"அல்லாஹ் மேல ஆணையா ஒரு மணி அரிசி இல்ல."

"வெறும் உரலக் குத்த உனக்கென்ன பைத்தியமா?"

"ஓம், அப்பிடி வெச்சிக்கொள்."

தங்கச்சி போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். பிள்ளைகளை வெறும் கோப்பையோடு திருப்பி அழைத்துப் போவது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு இரவு மாமி தனக்குக் கிடைத்த நிவாரண மாவில் ரொட்டி சுட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். தங்கச்சி வாங்கவில்லை. "இப்ப எங்கரிந்து வந்திச்சாம்?" என்று கேட்டாராம். ரொட்டி கொடுத்ததால்தான் அரிசி ஒளித்து வைத்திருந்தது நிசம் என்று ஊர் நம்பிவிட்டது. அக்காவும் தங்கச்சியும் அதற்குப் பிறகு நெடுநாள் கதைக்கவில்லை.

மாமியும் அதற்குப் பிறகு உரலைத் தொடவில்லை. கிடுகு பின்னி வேலி கட்டும்வரை வீட்டுக்குள் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நான் கண்ட முதல் காலம் அது. வேலி கட்டி முடிந்த அன்று அஸருக்கு அந்த மணல் சத்தம் கேட்டது. தென்னங்குற்றியை இப்போது குனிந்து தொட வேண்டியிருந்தது.

பிறகு நாட்கள் வேறு மாதிரி ஆயின. நாட்டில் குழப்பம் தொடங்கியது. ஊரடங்குச் சட்டம் போடுவார்கள், எடுப்பார்கள், திரும்பப் போடுவார்கள். சந்தியில் துவக்கோடு ஆள் நிற்கும். ஆண்கள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதார்கள். போகிற நாளிலும் கூட்டமாகப் போய் நேரமில்லாத நேரத்தில் வந்தார்கள். கடைகள் பூட்டு. பகல் முழுக்க வளவுக்கு வளவு ஆண்கள். வேலி நின்றது, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒழுங்கையிலும் ஆண்கள்தான். மாமியின் அந்தக் கொஞ்ச நேரம் காணாமல் போய்விட்டது.

யாரிடமும் போய் முறையிடக்கூடிய காரியமா அது? ஊரே உயிருக்குப் பயந்து இருக்கிறது. ஒரு கிழவிக்கு ஓட நேரமில்லை என்று யாரிடம் சொல்ல?

என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "இந்த நாளையில தேத்தண்ணி ஏன் பிந்துது?" எனக்கு நேரம் தெரியவில்லை என்றேன்.

அப்படி மாதங்கள் போயின. மாமி கடப்படியில் வந்து நிற்பார், திரும்பிப் போவார். நடை தளர்ந்தது. ஒரு நாள் காலையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். முறிவில்லை, இடுப்பில் அடி. பரிசாரி எண்ணெய் போட்டுக் கட்டினார். மாமி கிடந்தார். மூத்த மகன் கார் பிடித்துக்கொண்டு வந்து, கேட்காமலே சாய்ந்தமருதுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறும்போதும் மாமி யாரையும் தொடவிடவில்லை. கதவைப் பிடித்துத் தானே ஊர்ந்து ஏறினார். என்னைப் பார்த்தார்.

வீட்டைப் பூட்டித் திறப்பை மகன் என்னிடம் தந்தார்.

சாய்ந்தமருது மருமகள் தங்கமான பெண். "நீங்க இரிங்க மாமி, நீங்க இரிங்க மாமி" என்று தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள், மாமியைக் குளிப்பாட்டி முடித்துக் கபன் துணி சுற்றப் பார்த்திருந்த நேரம். முதலில் மாமி பேசாமல் இருந்தாராம். காலில் வீக்கம் வைத்ததாம். பிறகு ஒரு நாள் அஸர் நேரம், அறைக் கதவு சாத்தியிருந்ததாம். உள்ளே கதிரை கிறீச்சிட்டதாம். மருமகள் இடுக்கால் பார்த்திருக்கிறாள். மாமி இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து எழும்புகிறார், இருக்கிறார். எழும்புகிறார், இருக்கிறார். கையை ஊன்றாமல், வெகு கெதியாக. வாய் திறந்து மூச்சு வாங்குகிறது. பிறகு கண்ணை மூடிச் சாய்கிறார். பிறகு திரும்ப.

"எனக்கு நெஞ்சு திக்கெண்டிச்சி" என்றாள் மருமகள். "நான் அவருக்கிட்டச் சொல்லல்ல. சொன்னாக் கதிரையையும் எடுத்திருப்பாரு."

அதை அவள் சொல்லாமல் விட்டது மாமிக்குச் செய்த பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

ஊரடங்கு எடுபட்டு, ஜும்ஆவுக்கு ஆண்கள் பழையபடி போகத் தொடங்கிய காலம். ஒரு வெள்ளிக்கிழமை. குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஒரு ஆண் இல்லை. நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

கள்ளன் என்றுதான் நினைத்தேன். கிடுகை விலக்கினேன்.

மாமி வாளியை இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துப்பட்டி தலையிலிருந்து தோளில் விழுந்திருந்தது. சீலை இடுப்பில் செருகியிருந்தது. வாளி மேலே வந்ததும் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். முதுகு ஏறி இறங்கியது.

அடுப்பை அணைக்காமல் கடப்பால் ஓடினேன்.

"ஆரோட வந்தீங்க மாமி?"

"ரெண்டு காலோட."

மூச்சு வந்து சேரும்வரை நின்றார். பிறகு ஒரே மூச்சில் கொட்டினார்.

"ரோட்டுல ஒரு ஆம்புள இல்ல புள்ள, எல்லாம் பள்ளிக்குள்ள. ஒரு லைட் கம்பத்திலரிந்து மத்தக் கம்பம் மட்டும் ஓடினன். மறுகா ஒரு கம்பம் நடந்தன். மறுகா ஓடினன். சந்தியில காவலுக்கு நிண்டவன் பாத்தான். பாத்தாப் பாக்கட்டும், அவனுக்கு நான் ஒரு கிழவி. குத்பா முடியிறத்துக்குள்ள வந்திட்டன்."

அவர் கால் வீங்கியிருந்தது. பெருவிரலில் இரத்தம். நான் திறப்பை எடுத்துவந்து வீட்டைத் திறந்துவிட்டேன். மீன் கருகிய மணம் வந்தது.

ஜும்ஆ முடிந்து கொஞ்ச நேரத்தில் மூத்த மகன் சைக்கிளில் வந்தார். தலையில் தொப்பி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை வேலியில் எறிந்த மாதிரிச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். நான் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினேன்.

"உம்மா!" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை.

மாமி கிணற்றுக் கட்டின் மேலிருந்த வாளியைக் காட்டினார். "குடி. உனக்குத்தான் இளைக்குது."

அவர் கையால் ஏந்திக் குடித்தார். முகத்தையும் கழுவினார்.

"ரோட்டுல உங்கள ஆரும் அடிச்சிப் போட்டிருந்தா? நான் என்ன சொல்லுவன் உம்மா, ஊருக்கு? வாங்க. கார் கொண்டு வாறன்."

"மனே."

"என்ன?"

"குத்தியத் தொட்டுட்டு வா. எனக்கு முந்தி வந்தா நான் வாறன்."

மகன் திரும்பித் தென்னங்குற்றியைப் பார்த்தார். அது உளுத்து, பக்கத்தில் காளான் பூத்திருந்தது. பிறகு மாமியின் காலைப் பார்த்தார். பெருவிரல் இரத்தம் மணலில் ஒட்டிக் காய்ந்திருந்தது. மாமி அதற்குள் எழும்பிச் சீலையைச் செருகத் தொடங்கிவிட்டார். அந்தக் காலோடு அவர் ஓடியிருப்பார். அது மகனுக்கும் தெரியும்.

மகன் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு சைக்கிளை நிமிர்த்தினார்.

"வாற வெள்ளிக்கிழமை அரிசி கொண்டு வாறன்" என்றார்.

"மீனும்" என்றார் மாமி.

அன்றைக்கு அஸருக்குச் சத்தமில்லை. அடுத்த நாளும் இல்லை. விரல் ஆற வேண்டும். அதற்கடுத்த நாள் பாங்கு சொல்லி, ஒழுங்கையில் செருப்புச் சத்தமெல்லாம் பள்ளிப் பக்கம் போய் ஓய்ந்தது. நான் குசினிக்குள் சும்மா நின்றேன். பிறகு மணலில் கேட்டது, ஈரத் துணியை உதறுகிற மாதிரி.

கேத்தலை எடுத்து அடுப்பில் வைத்தேன்.